மூணு சுண்டுனா மேலே தூக்கு

இரவு ஏழே முக்கால் மணி. ரங்கூனிலிருந்து மிங்கலாடோனுக்குப் போகிற சாலை. பஸ் அவர்களை இறக்கிவிட்டுப் போய்விட்டது. ஒரு பக்கம் நீளமான மதில். மறுபக்கம் கோரை மண்டிய வெற்று நிலம். ஆறு விளக்குக் கம்பத்தில் எரிவது ஒன்று... அதுவும் விட்டு விட்டு.

அந்தச் சாலையில் இரண்டு பேர் நடந்து போகிறார்கள். முன்னால் போகிறவர் ரஹ்மத்துல்லா. என் சிநேகிதி உம்மு சல்மாவின் புருஷன். பின்னால் வருகிறவன் தவ்ஹீத். அவள் கூடப் பிறந்த தம்பி.

"இந்நேரத்துக்கா மச்சான் வேலை?"

"ஆறு மணிக்குத்தான் சனம் வெளிய போகும். அப்புறம்தான் கண்ணாடி தேய்க்க முடியும். பேசாம வா."

"பேசினா என்ன?"

"ஒண்ணுமில்ல. வா."

இதை நான் சொன்னபோது நாங்கள் ஐந்து பெண்கள் இருந்தோம். தின்கன்ஜூனில் ஜஸீலா வீட்டுக் கூடம். கரண்டு போய் ஒரு மணி நேரம். ஒரே ஒரு மெழுகுவத்தி. பாயில் எல்லோரும் காலை மடக்கி உள்ளே இழுத்துக்கொண்டாகிவிட்டது.

"மாமி, இது நடந்ததா, நீங்க கட்டினதா?" என்றாள் ஜஸீலா.

"உம்மு சல்மா வாயால கேட்டது. அவ பொய் சொல்லுவாளா?"

"வயசைத் தவிர எதுலயும் சொல்லமாட்டாங்க."

"அப்போ பேசாம கேளு."

வருஷம் இரண்டாயிரத்து ஆறு. தண்ணீர்த் திருவிழா முடிந்து பத்து நாள். வெயில் காலம். ராத்திரியிலும் தார் மணக்கும்.

அந்த மதில் முடிகிற இடத்தில் ஒரு பெரிய கட்டடம். டிக்கெட் வாங்கிக்கொண்டு மீன் காட்டுகிற இடம். வாசலில் ஏதோ பெரிய பெயர் எழுதியிருந்தார்கள். நம் ஆட்கள் கண்ணாடிக் கடல் என்பார்கள். சின்னச் சின்னத் தொட்டிகள் சுற்றிவர. நடுவில் ஒரு பெருந்தொட்டி. இருபது அடி ஆழம். அதற்குள் ஒரே ஒரு மீன்... திமிங்கலச் சுறா.

"சுறாவா? கடிச்சிடாதா?" இது பல்கீஸ்.

"கடிக்காது. பொடி இறால்தான் அதுக்குத் தீனி. வாயைத் திறந்தா இந்தக் கதவு அகலம் இருக்கும். தொண்டையில ஒரு தேங்காய் இறங்காது."

"எங்க மாமியாருக்கு நேர் எதிர்."

தெற்கே மெய்க் ஊர்க் கடலில் வலையில் மாட்டிய குட்டி அது. குட்டி என்றால் பதினைந்து அடி. கருநீல முதுகு. அதன்மேல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி, யாரோ நின்று அரிசி மாவைத் தெளித்த மாதிரி. அங்கே வேலை பார்க்கிற பர்மாக்காரர்கள் மமஜீ என்று கூப்பிடுவார்கள். பெரியக்கா என்று அர்த்தம். பாவம், பெரியக்காவுக்குத் தெரிந்த உலகம் அந்தத் தொட்டிதான். விடிந்ததிலிருந்து பொழுது அடையும்வரை ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

தவ்ஹீத் மெய்க்கில் சிப்பிக்கு மூழ்குகிற படகில் இருந்தவன். ரஹ்மத்துல்லாதான் ஆள் அனுப்பி அவனை ரங்கூனுக்கு வரவழைத்தார். பகலில் மமஜீயோடு சேர்ந்து நீந்திக் காட்டவேண்டும். சனம் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கும். ராத்திரியில் கண்ணாடியில் பிடிக்கிற பாசியைத் தேய்க்கவேண்டும். முன்னால் இருந்த ஆள் தாய்லாந்துக்குப் போய்விட்டானாம்.

தவ்ஹீத் முதலில் தயங்கினான். தொட்டி நீர் அவனுக்குப் பழக்கமில்லை. அவனைச் சம்மதிக்க வைத்தவள் உம்மு சல்மா.

"கடல்ல எவன் எவனோ உன் கயித்தைப் பிடிச்சான். இங்க என் புருஷன் பிடிக்கப் போறாரு. உனக்கென்னடா பயம்?"

இந்தக் கயிற்றைப் பற்றி நான் சொல்லியாகவேண்டும்.

மூழ்குகிறவன் வாயில் ஒரு காற்றுக்குழாய். மேலே பெட்ரோலில் ஓடுகிற காற்று மிஷின், டக் டக் டக் என்று. இடுப்பில் ஈயப் பட்டை, மிதக்காமல் இருக்க. அதற்கு மேலே ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனை தொட்டிக்கு மேலே இரும்புப் பாலத்தில் உட்கார்ந்திருப்பவர் கையில். மணிக்கட்டில் ஒரு சுற்று சுற்றிக்கொள்வார். தண்ணீருக்குள் பேச முடியாது இல்லையா? கயிறுதான் பேச்சு. மேலே இருந்து ஒரு சுண்டு சுண்டினால், நல்லா இருக்கியா என்று கேள்வி. கீழே இருந்து ஒரு சுண்டு, நல்லா இருக்கேன் என்று பதில். இரண்டு சுண்டினால் கயிற்றை இன்னும் விடு. மூன்று சுண்டினால்... பம்பை நிறுத்து, என்னைத் தூக்கு.

"பம்பு எதுக்கு?"

"தொட்டிக்கு அடியில ஒரு மூலையில இரும்புச் சல்லடை. பம்பு அது வழியா அழுக்குத் தண்ணியை உறிஞ்சும். கிட்ட போனா காலைக் கவ்வும். பம்பை நிறுத்தாம ஆளைத் தூக்க முடியாது."

முதல் ராத்திரி ஒன்றும் இல்லை. இரண்டாம் ராத்திரி ஒன்றும் இல்லை.

மூன்றாம் ராத்திரி தவ்ஹீத் கண்ணாடி தேய்த்துக்கொண்டிருக்கிறான். சரக்... சரக்... தண்ணீருக்குள் அந்தச் சத்தம் காதில் விழாது, எலும்பில் விழும். கை வலித்தது. நிறுத்தினான்.

சரக்... சரக்... சரக்.

மூன்று தடவை. பிறகு அதுவும் நின்றது.

எதிரொலி என்று நினைத்துக்கொண்டான். மறுபடி தேய்த்தான். சட்டென்று நிறுத்தினான்.

சரக்.

மேலே இருந்து கயிறு ஒரு சுண்டு. நல்லா இருக்கியா? இவன் ஒரு சுண்டு. நல்லா இருக்கேன். வேறு என்ன சொல்வான்? கேட்டது தேய்க்கிற சத்தம் என்பதற்குக் கயிற்றில் சொல் இல்லையே.

மேலே வந்ததும் கேட்டான்.

"மச்சான், வேற யாரும் உள்ள இறங்குறாங்களா?"

"யாரு இறங்குவா? நீதான்."

இன்னொன்று. அங்கே காவலுக்கு ஒரு பர்மாக்காரக் கிழவர் இருந்தார். ஊ டான் மௌங் என்று பெயர். தினம் ராத்திரி இவனுக்குச் சோற்றுப் பொட்டலம் வாங்கிவந்து உடை மாற்றுகிற அறையில் வைப்பார். இரண்டு பொட்டலம் இருக்கும். ஒன்று இவனுக்கு. மற்றது ஜன்னல் ஓரத்தில், பிரித்து, பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரோடு.

"இது யாருக்கு?"

கிழவர் ரஹ்மத்துல்லாவைப் பார்த்தார்.

"பூனைக்கு," என்றார் ரஹ்மத்துல்லா.

"பூனைக்குத் தண்ணி டம்ளர்லயா?" என்றாள் ஜஸீலா.

"அதைத்தான் அவனும் கேட்டான். நீ சாப்பிடுன்னாரு மச்சான்."

ஆறாம் நாள் பகலில் இவனுக்கு ஓய்வு. டிக்கெட் வாங்கின சனத்தோடு நின்று வெளியிலிருந்து தொட்டியைப் பார்த்தான். மமஜீ சுற்றி வருகிறது. கண்ணாடியை ஒட்டி நேராக வருகிறது... இடது கோடியில், அந்தச் சல்லடை இருக்கிற மூலைக்கு வந்ததும் உடம்பை வளைக்கிறது. வளைத்து, ஒரு ஆள் அகலத்துக்கு இடம் விட்டு, பிறகு நேராகிறது. அடுத்த சுற்றும் அப்படியே. அதற்கடுத்த சுற்றும்.

இவன் உள்ளே கண்ணாடி தேய்க்கும்போது மமஜீ இவனைத் தாண்டிப் போகிறது இல்லையா, அதே மாதிரி வளைவு. அதே அளவு இடம்.

அந்த இடத்தில் யாரும் இல்லை. தண்ணீர்தான்.

ராத்திரி மச்சானிடம் சொன்னான்.

"அங்க தண்ணி இழுக்கும். மீனுக்குத் தெரியாதா? நீ உன் வேலையைப் பாரு தவ்ஹீது."

அவன் அக்காவிடமும் சொன்னான். அவள் சிரித்தாள். "மீன் வளைஞ்சா போகுது, நிமிந்தா போகுதுன்னு பாக்கவாடா உன்னை வரச் சொன்னாரு?" அந்தச் சிரிப்பை நினைத்து அவள் என் முன்னால் தலையில் அடித்துக்கொண்டாள். அது பின்னால்.

ஒன்பதாம் ராத்திரி. எட்டரை மணி.

தவ்ஹீத் இடது கோடிக்கு வந்துவிட்டான். அங்கேதான் பாசி அதிகம். சல்லடையிலிருந்து தள்ளியே நின்றான். கடலில் பிழைத்தவன், கவனம் இல்லாமலா இருப்பான்? நின்றபடி தேய்க்கிறான். அப்போது முதுகுக்குப் பின்னால் தண்ணீர் நகர்ந்தது. மமஜீ என்று நினைத்து ஒதுங்கினான். ஒரு அடி. அவ்வளவுதான். வலது கால் சல்லடையில் ஒட்டிக்கொண்டது.

சல்லடை ஓரம் உடைந்திருந்தது. பாதம் உள்ளே போய்விட்டது. இழுக்க இழுக்க இறுக்கியது. குனிந்து கையை வைக்கப் போனான். காற்றுக்குழாயும் அந்த வாய்க்குள் இழுபட்டு மடங்கியது. வாயில் வருகிற காற்று மெலிந்தது.

பதறவில்லை. இடுப்புக் கயிற்றைப் பிடித்தான். சுண்டினான். ஒன்று, இரண்டு, மூன்று.

மேலே இருந்து பதில் வந்தது.

ஒரு சுண்டு. நல்லா இருக்கியா?

இவன் மறுபடி மூன்று.

மேலே இருந்து ஒன்று. நல்லா இருக்கியா?

மூன்று.

ஒன்று.

"அல்லாவே," என்றாள் பல்கீஸ் மெதுவாக.

ஏழு தடவை. எண்ணினானாம். ஏழு தடவையும் மேலே இருந்து நிதானமாக, அன்பாக, ஒரே ஒரு சுண்டு. காற்று இப்போது நூல் அளவு. காது அடைத்துவிட்டது. கண்ணுக்குள் சிவப்பு. மமஜீ எதிரே வந்து, வளைந்து, ஒதுங்கிப் போனது... இவனுக்கு விடவேண்டிய இடத்தைப் போல இரண்டு மடங்கு இடம் விட்டு.

எட்டாவது தடவை சுண்ட அவன் கையைத் தூக்கினான். அப்போது எல்லாம் இருண்டது.

கரண்டு போய்விட்டது.

பம்பு நின்றது. கால் விடுபட்டது. ஈயப் பட்டையை அவிழ்த்து எறிந்துவிட்டு உதைத்துக்கொண்டு மேலே வந்தான்.

"ரங்கூன்ல கரண்டு போனதுக்கு சந்தோஷப்பட்ட ஒரே ஆளு," என்றாள் ஜஸீலா. யாரும் சிரிக்கவில்லை. அவளும்தான்.

இருட்டில் தடவித் தடவி இரும்புப் பாலத்தில் ஏறி விழுந்தான். பெட்ரோல், இறால் கவிச்சி, துரு... அந்த நாற்றத்தை அப்படி ஆசையாக மூச்சு இழுத்தானாம். பக்கத்திலேயே மச்சான் குரல்.

"என்னடா, கரண்டு போனதுக்கா மேல வந்துட்ட?"

"மூணு சுண்டினேனே மச்சான்."

"எப்போ?"

"இப்போ. ஏழு தடவை."

"ஒண்ணுதான் வந்துச்சு. நான் ஒண்ணு கேட்டேன், நீ ஒண்ணு சொன்ன. பள்ளிவாசல்ல நின்னு சொல்லச் சொன்னாலும் சொல்றேன், ஒண்ணுதான் வந்துச்சு."

"கால் மாட்டி, மூச்சு இல்லாம, ஏழு தடவை மூணு மூணா..."

"ஒண்ணுதான் வந்துச்சுடா."

டார்ச் வெளிச்சம் படியேறி வந்தது. ஊ டான் மௌங். இவர்கள் தமிழில் பேசினது அவருக்குப் புரியவில்லை. என்ன சத்தம் என்று கேட்டார். தவ்ஹீத் பர்மியில் சொன்னான்.

"எத்தனை தடவைன்னு சொன்ன தம்பி?"

"ஏழு."

டார்ச் கீழே தாழ்ந்தது.

"அவனும் ஏழு தடவைதான்," என்றார் கிழவர்.

"எவன்?"

"கோ ரஹ்மத், நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

கிழவரே சொன்னார்.

கருப்பையா என்று ஒரு ஒல்லிப் பையன். த்வாண்டே ஊர்க்காரன், நம் தமிழ்ப் பிள்ளை. கால்வாயில் நீந்தி வளர்ந்தவன். தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்தின வாரம், இந்த இடத்தைத் திறப்பதற்கு முன்னால், ஒரு பெரிய இடத்துக் குடும்பம் பார்க்க வந்தது. மேனேஜர் பாலத்தின் மேலேயே வந்து நின்றுகொண்டார். நான் கை காட்டாமல் ஆள் மேலே வரக்கூடாது, விருந்தாளி முன்னால் அசிங்கம் என்றார். கருப்பையா மமஜீயோடு நாலு சுற்று நீந்தினான். ஐந்தாவது சுற்றில் அந்த மூலைக்குப் போனான்.

"கயிறு அதிர்ந்ததை நான் பாத்தேன். மூணு. கயிறு பிடிச்சிருந்த இந்த ரஹ்மத் மேனேஜர் முகத்தைப் பாத்தான். அவர் வேண்டாம்னு தலையை ஆட்டினார். இவன் ஒண்ணு சுண்டினான். மறுபடி மூணு வந்துச்சு. இவன் மறுபடி ஒண்ணு. ஏழு தடவை. கீழ கண்ணாடிக்கு வெளிய அந்த வீட்டுக் குழந்தைங்க கை தட்டிக்கிட்டு இருந்துச்சு. அவன் வேடிக்கை காட்டுறான்னு நினைச்சுதுங்க."

காற்று மிஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. டக் டக் டக்.

"லாத்தாவுக்குத் தெரியுமா?" என்றான் தவ்ஹீத், அக்காவை நினைத்து.

"தெரியாது."

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொன்னா இறங்குவியா?"

மச்சானே மேலே சொன்னார். குரலில் ஏற்ற இறக்கமே இல்லையாம், கடைக்குப் போய்வந்த கதை சொல்கிற மாதிரி.

"திருவிழா முடிஞ்சதும் வேற ஆளைக் கொண்டா, இல்லாட்டி கயிறு உன் கையில இருந்துச்சுன்னு போலீஸ்ல எழுதிடுவேன்னாரு மேனேஜர். நான் எவனைக் கொண்டு வருவேன்? ரங்கூன்ல மூழ்குறவனுக்கெல்லாம் விஷயம் தெரிஞ்சுபோச்சு. ஒருத்தனும் வரமாட்டேன்னுட்டான். தெரியாதவன் நீ ஒருத்தன்தான்."

"இந்தக் கயிறு..." தவ்ஹீத் இடுப்பைத் தொட்டு, கிழவருக்கும் புரிய பர்மியில் கேட்டான். "அவன் கட்டியிருந்ததா?"

மச்சான் வேறு பக்கம் பார்த்தார். கிழவர் ஆமாம் என்று தலையசைத்தார்.

தவ்ஹீத் முடிச்சை அவிழ்த்தான். ஈரக் கயிறு, சீக்கிரம் அவிழவில்லை. அவிழ்த்து மச்சானிடம் நீட்டினான்.

"இப்போ நீங்க இறங்குங்க."

"என்ன?"

"பம்பு ஓடல. ஒண்ணும் ஆகாது. அஞ்சு நிமிஷம் போதும். கீழ போய் நீங்க மூணு சுண்டுங்க. மேல என் கைக்கு எத்தனை வருதுன்னு நான் பாக்கிறேன். ஒண்ணு வந்தா நீங்க சொன்னது நிஜம். உங்க காலைப் பிடிச்சு மன்னிப்புக் கேக்கிறேன். மூணு வந்துச்சுன்னா..."

"வந்துச்சுன்னா?"

"லாத்தாகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

தகராறு வரும் என்று நினைத்தான். வரவில்லை.

"சரி," என்றார் ரஹ்மத்துல்லா. அவ்வளவு லேசாக.

கிழவர் ஜெனரேட்டரைப் போட்டுவிட்டு வாசல் காவலுக்குப் போனார். அதில் பம்பு ஓடாது, பாலத்தில் ஒரே ஒரு பல்ப் மட்டும் எரிந்தது. மூழ்குகிறவன் இறங்குகிற படி பாலத்திலிருந்து தெரியாது. பம்பு அறைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ரஹ்மத்துல்லா கயிற்றின் நுனியையும் காற்றுக்குழாயையும் எடுத்துக்கொண்டு அந்தச் சுவருக்குப் பின்னால் போனார். தவ்ஹீத் மணிக்கட்டில் கயிற்றை ஒரு சுற்று சுற்றிக்கொண்டு உட்கார்ந்தான்.

தொபுக்... தண்ணீரில் ஆள் இறங்குகிற சத்தம்.

கயிறு அவன் கைவழியாக ஓடியது. பத்து அடி. பதினைந்து. இருபது. நின்றது.

இவன் ஒரு சுண்டு சுண்டினான். நல்லா இருக்கீங்களா?

ஒரு சுண்டு வந்தது.

"குமிழி வந்துச்சா மாமி? ஆள் உள்ள இருந்தா மேல குமிழி வருமே." ஜஸீலாவுக்கு எப்போதும் கணக்கு சரியாக இருக்கவேண்டும்.

"நானும் கேட்டேன். மமஜீ சுத்துறப்போ தண்ணி எப்பவும் கலங்கித்தான் கிடக்குமாம். ஒத்தை பல்ப். இவன் கண்ணு முழுக்க கயித்து மேல."

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு கயிறு அதிர்ந்தது.

ஒன்று. இரண்டு. மூன்று.

தெளிவாக. சந்தேகமே இல்லாமல். மூன்று.

தவ்ஹீத் அப்படியே உட்கார்ந்திருந்தான். அப்போ ஒண்ணு வரலை. மூணுதான் வந்திருக்கு. ஏழு தடவையும் மூணுதான் வந்திருக்கு. என் லாத்தா புருஷன், நிக்காஹ் அன்னைக்கு என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்ட மனுஷன், கையில் கயிற்றை வைத்துக்கொண்டு, நான் சாகிற வரைக்கும் நல்லா இருக்கியா நல்லா இருக்கியா என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கயிறு மறுபடி அதிர்ந்தது. மூன்று.

இழுத்திருக்கவேண்டும். பேச்சு அதுதான். மூன்று வந்தால் இழுக்கவேண்டும். தவ்ஹீத் இழுக்கவில்லை. விரலால் மெதுவாக, நிதானமாக, ஒரு சுண்டு சுண்டினான்.

நல்லா இருக்கீங்களா மச்சான்?

மூன்று.

ஒன்று.

மூன்று. இந்தத் தடவை வேகமாக.

ஒன்று.

பம்புதான் ஓடவில்லையே, உயிருக்கு ஒன்றும் வராது, கொஞ்சம் பயப்படட்டும் என்று நினைத்தானாம். அப்படித்தான் அக்காவிடம் சொன்னான். அப்படித்தான் நினைத்தானா என்று அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. ஏழு தடவை மூன்று வந்தது. ஏழு தடவையும் இவன் ஒன்று கொடுத்தான். கடைசி மூன்று ரொம்ப மெல்லிசாக வந்ததாம், கொசுவலையைக் குழந்தை இழுக்கிற மாதிரி. பிறகு கயிறு அடங்கிவிட்டது.

படியில் செருப்புச் சத்தம். ஊ டான் மௌங் டார்ச்சை அடித்துக்கொண்டு ஏறி வந்தார்.

"நீ இன்னும் இங்க என்ன பண்ற தம்பி?"

"மச்சான் உள்ள இருக்காரு."

"எங்க உள்ள?"

"தண்ணிக்குள்ள. கயிறு பிடிச்சிருக்கேன்."

கிழவர் இவனையும் கயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உன் மச்சான் கால் மணி நேரம் முந்தியே கேட்டைத் தாண்டிப் போயிட்டாரே. டாக்ஸியை நிறுத்தி ஏறினாரு. எங்கன்னு கேட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல."

"இல்ல. இறங்கினாரு. சத்தம் கேட்டுச்சு. பதில் சொல்றாரு."

"தலை நனையலையே தம்பி. சட்டை போட்டிருந்தாரு, காய்ஞ்ச சட்டை."

அப்போது கயிறு சுண்டியது.

ஒன்று. ஒரே ஒன்று.

கீழே இருந்து வருகிற ஒன்று பதில்தான். ஆனால் இவன் ஒன்றும் கேட்கவில்லையே. கேட்காமல் வந்தால்... அது பதில் இல்லை. அது கேள்வி.

நல்லா இருக்கியா?

மணிக்கட்டிலிருந்து கயிற்றைப் பிய்த்து எறிந்துவிட்டு ஓடிவந்தான். அந்த இருட்டுச் சாலையில், ஈர உடம்போடு, பஸ் நிறுத்தம்வரைக்கும் ஓட்டம். கிழவர் காலையில் கயிற்றை இழுத்துப் பார்த்தாராம். காற்றுக்குழாய் சுவருக்குப் பின்னால் சுருட்டினபடியே கிடந்தது. கயிற்று நுனியில் வளையம் மட்டும் வந்தது. முடிச்சு அவிழவில்லை. உள்ளே ஒரு ஆள் இருந்து இழுத்தால் எப்படி இறுகியிருக்குமோ அப்படி இறுகியிருந்தது. சின்ன இடுப்பு.

ரஹ்மத்துல்லா வீட்டுக்கு வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை. அவரை எல்லைப் பக்கம் பார்த்ததாக ஒருத்தர் சொன்னார், மலேசியாவில் என்று இன்னொருத்தர். உம்மு சல்மா நாலு மாதம் சோறு வைத்து மூடிவைத்துக் காத்திருந்தாள். தம்பி உண்மையைச் சொன்ன பிறகுதான் நிறுத்தினாள். அவர் விட்டுப் போன கைலிகளைக் கிழித்துத் தரை துடைத்தாள்.

"பதினாறு வருஷம் கூட வாழ்ந்தேன்டி," என்றாள் என்னிடம். "என் தம்பியைக் கேட்டப்போ அந்த மனுஷன் முகத்துல ஒரு சுருக்கம் இல்ல. உன் தம்பி வந்தா உனக்கும் துணையா இருக்கும்னு சொன்னாரு. நான்தான் சம்மதிக்க வச்சேன். நான்தான்."

கண்ணாடிக் கடலை இப்போது மூடிவிட்டார்கள். மமஜீ அந்த மழைக்காலம் தாண்டவில்லை. தவ்ஹீத் மெய்க்குத் திரும்பிப் போகவில்லை. தண்ணீர்ப் பக்கமே போவதில்லை. அக்கா வீட்டு முன்னறையில் படுத்துக்கொள்கிறான். வாளியில் மொண்டு குளிக்கிறான். பகலில் ஒரு குறையும் இல்லை. பேசுவான், சாப்பிடுவான், மார்க்கெட்டுக்குப் போவான்.

"அப்புறம் என்ன?" என்றாள் ஜஸீலா. குரல் வேண்டுமென்றே பெரிதாக இருந்தது.

அப்புறம்... ராத்திரி.

உம்மு சல்மா ஒரு நாள் தண்ணீர் குடிக்க எழுந்தாள். அவன் மல்லாந்து தூங்குகிறான். மூச்சு சீராக இருக்கிறது. அவள் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே அவன் கைலியின் இடுப்பு மடிப்பு லேசாக முன்னால் இழுபட்டது. காற்று இல்லை. யாரும் தொடவில்லை. ஒரு தடவை. மடிப்பு இழுபட்டதும் தூக்கத்திலேயே அவன் கை இடுப்புக்கு வந்தது. விரல் ஒரு தடவை சுண்டியது.

நல்லா இருக்கேன்.

அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. விடியும்வரை அப்படியே. கேட்கிறது, சொல்கிறான். கேட்கிறது, சொல்கிறான். மூன்று வருஷமாகத் தினமும் இதுதான். அவள் பழகிக்கொண்டாள். பழகாமல் என்ன செய்வாள்? நல்லா இருக்கேன் என்றுதானே சொல்கிறான்.

போன வெள்ளிக்கிழமை விடியற்காலை பஜ்ர் தொழுகைக்கு முன்னால் என் வீட்டுக் கதவைத் தட்டினாள். தலையில் துணி இல்லை. காலில் செருப்பு இல்லை. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வாசல்படியிலேயே நின்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ராத்திரியிலேருந்து மூணு மூணா சுண்டுறான்டி," என்றாள். "எதைப் பிடிச்சு இழுக்கிறதுன்னு சொல்லு."